பர்கர் கடையில் ஒரு பந்தி

சாவித்திரிக்குக் காலையிலிருந்தே இருப்பு கொள்ளவில்லை. புருஷனை ஒரு பன்னைத் தின்ன வைக்க வேண்டும், அவ்வளவுதான் காரியம். ஊரில் குழந்தை குட்டியெல்லாம் சர்வ சாதாரணமாகத் தின்கிற பன். ஆனால் தின்ன வேண்டியவர் ரத்தினவேல். அவர் விஷயத்தில் எது சாதாரணமாக நடந்திருக்கிறது, இது நடக்க?

ஆறு வருஷத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பன்னுக்கு இத்தனை பாடா என்று கேட்பீர்கள். சாவித்திரியின் தம்பி ஜெயபிரகாஷ் சேத்தியாத்தோப்பில் புது வீடு கட்டிக் குடிபோனான். அன்றைக்கு மத்தியானம் முதல் பந்தியில், வீட்டு மாப்பிள்ளை என்ற உரிமையோடு ரத்தினவேல் உட்கார்ந்தார். இலை போட்டாச்சு, தண்ணீர் தெளித்தாச்சு, ஊறுகாய் வைத்தாச்சு. அந்த நேரம் பார்த்தா வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் மேனேஜர் வந்து நிற்க வேண்டும்? ஜெயபிரகாஷுக்குக் கை கால் ஓடவில்லை. "மாமா, நீங்க நம்ம ஆளு. செத்த எழுந்திரிங்க, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்று தோளைத் தொட்டுவிட்டான்.

ரத்தினவேல் எழுந்தார். எழுந்தவர் அடுத்த பந்திக்கு உட்காரவில்லை. நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, "எலையில உக்காந்தவன எழுப்பி வுட்ட வூடு இது. இனிமே இவன் சோத்துல கை நனைச்சா எம்பேரு ரத்தினவேல் இல்ல" என்று கத்திவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். தம்பி மட்டும் லேசுப்பட்டவனா? அத்தனை ஜனம் பார்க்கத் தன்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாரே என்று அவனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு எங்கையால சாப்பிடற வரைக்கும் நானும் அவரு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றான். ரெண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அரிச்சந்திரனுக்குத் தம்பிகள். தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு, ஒரு சாவு வீட்டில் எதிரெதிரே நின்றுகூடப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது மகள் வெண்மதிக்குக் கல்யாணம். ஆவணி பிறந்தால் முகூர்த்தம். பெண் மணையில் உட்கார்ந்ததும் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் தாலியே. கல்யாணம் மண்டபத்தில்தானே, வாசப்படி எங்கே வந்தது என்று தம்பியிடம் சாவித்திரி கேட்டுப் பார்த்தாள். "எந்த எடமா இருந்தா என்னாக்கா, அவரு வெக்கிற பந்திதானே? அவரு எங்கிட்ட ஒரு வாய் சாப்பிடட்டும், மறு நிமிஷம் நான் சீரோட வந்து நிக்கிறேன்" என்று முடித்துவிட்டான். புருஷனிடம் கேட்டால், "உனக்கு அண்ணன் தம்பி மொறையில எவனாச்சும் கட்டட்டும்" என்றார். சென்னையில் வேலை பார்க்கும் வெண்மதியோ, "மாமா வரலேன்னா நான் மணையில உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள். வீம்புக்கு அந்தக் குடும்பத்தில் என்றைக்குமே பஞ்சம் இல்லை.

மூன்று பிடிவாதத்துக்கு நடுவில் தூக்கம் கெட்டுக் கிடந்தவளுக்கு ஒரு வழி தானாக வந்து கிடைத்தது. ஜெயபிரகாஷின் மகன் நந்தகுமார் பாண்டிச்சேரியில் ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு பர்கர் கடை திறந்தான். அப்பன் காசு, பிள்ளையின் கை. அது ஜெயபிரகாஷின் கடை என்று ரத்தினவேலுக்குத் தெரியாது. பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி அவர். சூளை, வீடு, டீக்கடை, அதைத் தாண்டி ஊரில் என்ன திறந்தார்கள் என்ன மூடினார்கள் என்று பார்க்கிற ஆளில்லை. நந்தகுமாரை அவர் கடைசியாகப் பார்த்தபோது அரும்பு மீசைகூட இல்லை. இப்போது தாடியும் தலையில் துணியுமாகச் சமையல்கட்டுக்குள் நிற்கிறான்.

தம்பியிடம் போனில் சொன்னாள். "உன் கடையில உம்புள்ள சமைச்சத அவரு சாப்பிட்டா, அது உன் வூட்டுச் சாப்பாடுதானே?"

ஜெயபிரகாஷ் ஒரு நிபந்தனை போட்டான். "சாப்பாடுதான். ஆனா முழுசா சாப்பிடணும். கொறிச்சிட்டு வெச்சா கணக்கில்ல."

"சாப்பிடுவாரு. காசு மட்டும் வாங்கிடாதீங்க, நந்துகிட்ட சொல்லி வை. கை கழுவிட்டுக் கல்லாவுக்கு வர்றப்ப நீ வெளிய வா. மாமா, எஞ்சோத்தத் தின்னுட்டீங்கன்னு சொல்லு. சிரிச்சிட்டே சொல்லுடா, சண்டைக்கு நிக்கிறாப்ல சொல்லாத."

திட்டம் என்னவோ பழுதில்லை. போட்டவளுக்கு மெஸ்ஸும் பிரியாணிக் கடையும்தான் பழக்கம் என்பதுதான் அதில் இருந்த ஒரே கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை. பாத்திரக் கடைக்கு வந்த சாக்கில் வெயில், பசி, தலைசுற்றல் என்று எதையெதையோ சொல்லி ரத்தினவேலைக் கடை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"பன்னு தின்னவா இம்மாந்தூரம்? டீக்கடையில கெடைக்காதா?"

"உள்ள கறியெல்லாம் வெச்சுத் தருவாங்களாம். மாப்ள வூட்டுப் பசங்க இதத்தான் சாப்பிடுவாங்களாம். நாளைக்கு வந்து உக்காந்தா நமக்கும் நாலு வெஷயம் தெரிய வேணாமா?"

மாப்பிள்ளை வீடு என்றதும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். பெண்ணைப் பெற்றவனை எதைச் சொல்லியும் எங்கேயும் கூட்டிப் போகலாம்.

உள்ளே ஏசி. சுவரில் வண்ண விளக்கு. ஒரே பாட்டுச் சத்தம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மேஜை, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஒரு மேஜை. சாவித்திரி மூலையில் இடம் பிடித்துப் பையை வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வரேன், இருங்க" என்று பின்பக்கம் போனாள். கை கழுவ இல்லை. சமையல்கட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, அங்கே முட்டைத் தட்டு அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தம்பியிடம் ஜாடை காட்டத்தான். ஜெயபிரகாஷ் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறு பூசிக் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். 'இருடா, அவசரப்படாத' என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

மேஜை மேல் நம்பர் போட்ட மரக்கட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. "ஆர்டர் சொல்லிட்டேன்" என்றார் ரத்தினவேல். "நாட்டுக்கோழி ரெண்டு."

நல்ல வேளை, பேச்சு வார்த்தை இல்லாமல் முடிந்தது என்று சாவித்திரி மூச்சு விட்டாள்.

சாப்பாடு வருகிற வழியாகக் காணோம். பின்னால் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வந்தது, இவர்களுக்கு வரவில்லை. நந்தகுமார் மாமனுக்கு என்று விசேஷமாகச் செய்கிறானாம், பாவி! சாவித்திரியின் கால் மேஜைக்கடியில் தையல் மிஷின் மிதித்தது. போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் தம்பி: 'சாப்டாரா?' முந்தானைக்குள் வைத்துப் பதில் தட்டினாள்: 'இன்னும் வர்ல.' மறு நொடியே இன்னொன்று: 'இப்ப?'

"யாரு அது நொய்யி நொய்யின்னு?"

"பாத்திரக் கடைக்காரரு. அண்டா எப்ப எடுத்துக்குறீங்கன்னு கேக்குறாரு."

"ஞாயித்துக்கெழம கூட இவனுக்குப் பொழப்பு" என்றார். அதோடு எழுந்திருக்கப் பார்த்தார். "நேரம் ஆவுது சாவித்திரி. சாயங்காலம் சூள எறக்கணும். வா, போற வழியில ரெண்டு பரோட்டா தின்னுக்கலாம்."

"இந்தா வந்துருச்சு!" என்று சாவித்திரி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நிஜமாகவே வந்துவிட்டது. ஆளுக்கொரு மரப்பலகை. பலகை மேல் பளபளவென்று பழுப்பு பன், நடுவில் ஒரு கை உயரத்துக்குக் கறி, பாதி வெளியே தொங்கும் பச்சை இலை, எல்லாவற்றையும் சேர்த்துக் குத்திய குச்சி. பக்கத்தில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை.

"தட்டு இல்லயா?" என்றார் ரத்தினவேல். "ஊரு பூரா பீங்கான் சுட்டு அடுக்கி வெச்சிருக்கோம். இங்க பலகையில வெச்சுக் குடுக்குறான் பாரு." கையுறையைத் தூக்கிப் பார்த்தார். "இது எதுக்கு? ஆபரேசன் பண்ணப் போறமா?"

"அத வுடுங்க. கையால எடுத்துச் சாப்பிடுங்க."

அவர் குச்சியைப் பிடுங்கினார். மேல் பன்னைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். இலையை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு ஓரம் தள்ளினார். கீழ்ப் பன்னை இன்னொரு பக்கம் வைத்தார். கடைசியில் பலகை நடுவில் கறி மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பிட்டு, பன்னில் ஒரு துண்டு கிழித்து, பரோட்டா தின்பது போல் தோய்த்து வாயில் போட்டார்.

சாவித்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மென்றார். நிறுத்தினார். துப்பிவிடுவாரோ? பழமலைநாதா, துப்பிவிடக் கூடாது! மறுபடியும் மென்றார். இன்னொரு துண்டு கிழித்தார்.

"மெளகு தூக்கலா போட்டிருக்கான்" என்றார். அடுத்த வாய்க்கு, "முந்திரிய அரைச்சு வுட்டிருக்கான்டி" என்றார். அதற்கடுத்து ஒன்றும் பேசவில்லை. ரத்தினவேல் பேசாமல் சாப்பிட்டால் சாப்பாடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் தள்ளிய இலைகூட உள்ளே போனது. பலகையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார்.

"யாரு செஞ்சான்னு தெரியல, கைப்பக்குவம் இருக்குது" என்றார்.

சாவித்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பட்டம் கட்டியாச்சு, மகள் மணையில் உட்கார்ந்தாச்சு, தம்பி தோளில் சரிகைத் துண்டோடு நிற்கிறான், எல்லாம் அந்தக் கூரையிலேயே தெரிந்தது. அவள் முன்னால் இருந்த பர்கர் தொடாமல் ஆறிக் கிடந்தது. காலையில் மாத்திரை போட்டதோடு சரி, வயிற்றில் வேறொன்றும் இல்லை. இதெல்லாம் முடியட்டும், சாப்பிட்டுக்கொள்ளலாம்.

முடியட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஜெயபிரகாஷால் முடியவில்லை. அவர் கை கழுவிவிட்டு வருகிற வரைக்கும் பொறு என்று சொல்லியிருந்தும், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வந்தவன் சிரித்தானா? அதுவும் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உன் வூட்டுக்காருகிட்ட சொல்லு. இது எங்கடை. சமைச்சது எம்மவன். எஞ்சோத்துல கை நனைக்க மாட்டேன்னு சொன்னவரு வெரல நக்கித் தின்னுட்டாரு!"

கடையே திரும்பிப் பார்த்தது. ரத்தினவேலின் முகம் சூளைச் செங்கல் நிறத்துக்குப் போனது. அவர் ஜெயபிரகாஷைப் பார்க்கவில்லை. சாவித்திரியைப் பார்த்தார்.

"சாவித்திரி, உன் தம்பிகிட்ட சொல்லு. நான் யாரு சோத்துலயும் கை நனைக்கல. காசு குடுத்து வாங்கித் தின்னேன்."

"காசா?" என்றாள் சாவித்திரி. "எப்ப குடுத்தீங்க?"

"நீ கை கழுவப் போனப்ப. ஆர்டர் சொன்னதும் காச வாங்கிட்டுத்தானே அந்தப் பொண்ணு நம்பரே குடுத்துச்சு? போன்ல அனுப்பிட்டேன்."

சாவித்திரி கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பிட்ட பிறகு காசு கொடுக்கிற கடைகளைத் தவிர வேறு கடை இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? நந்தகுமார் கரண்டியோடு ஓடி வந்தான். "அத்த, கல்லாவுல இருக்கறது புதுப் பொண்ணு. அதுங்கிட்ட சொல்ல மறந்துட்டேன் அத்த" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"காசத் திருப்பிக் குடுடா!" என்றான் ஜெயபிரகாஷ்.

"வாங்குனா எம்பேர மாத்திக் கூப்புடச் சொல்லு சாவித்திரி" என்றார் ரத்தினவேல். "காசுக்குத் தின்னது ஓட்டல் சாப்பாடு. அது ஒறவு ஆவாது."

"ஆவாதுதான்!" என்று ஜெயபிரகாஷும் கத்தினான். "எனக்கு மட்டும் இது போதுமாக்கா? வெல குடுத்துத் தின்னதெல்லாம் எங்கணக்குலயும் சேராது. எலை போட்டு, நான் பரிமாறி, அவரு உக்காந்து சாப்பிடணும்!"

ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அதோடு விட்டார்களா?

"என்னைய ஏமாத்திக் கூட்டியாந்திருக்க நீ" என்றார் புருஷன்.

"நீ சொன்னேன்னுதானக்கா வந்து அடுப்படியில குந்தியிருந்தேன். என்னைய இப்பிடி மானங்கெட வெச்சிட்டியே" என்றான் தம்பி.

சாவித்திரி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் குரல் உயர்ந்து அந்த இரண்டு பேருமே கேட்டதில்லை.

"எலையிலேருந்து எழுப்பிட்டான், எழுப்பிட்டான்னு ஆறு வருசமா பாடுறீங்களே. என்னைய ரெண்டு பேரும் சேந்து எழுப்பி வெச்சிருக்கீங்களே, அது யாருக்காச்சும் தெரிஞ்சுதா? பொறந்த வூட்டுல போயி உக்காந்தா, புருசன் வாசல்ல வுட்டுட்டுப் போனாரேன்னு ஒரு வாய் எறங்கல. புகுந்த வூட்டுல நல்லது பொல்லாததுக்கு எல போட்டா, என் தம்பி எடம் காலியா கெடக்கேன்னு எறங்கல. ஆறு வருசமா நான் வயிறாரச் சாப்பிடலடா! உங்க ரெண்டு பேருக்கும் ரோசம் பெருசு. எம்பொண்ணு நெத்திக்குப் பட்டம் இல்ல, அது பெருசில்ல. சரி, கேட்டுக்குங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற வரைக்கும், அந்த வூட்டுலயும் கை நனைக்க மாட்டேன், இந்த வூட்டுலயும் கை நனைக்க மாட்டேன். கல்யாணத்தன்னிக்கும் பட்டினியாத்தான் நிப்பேன். உங்களுக்கு மட்டுந்தான் சபதம் போடத் தெரியுமா?"

பையை எடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஷேர் ஆட்டோ ஒன்றைக்கூடக் காணோம். சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புளியமர நிழலில் போய் நின்றவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. இப்படிப் பேசிவிட்டோமே, இருந்த கொஞ்ச வழியும் போச்சே! கண்ணில் பூச்சி பறந்தது. ரோட்டைப் பார்த்தபடி மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் கதவு படாரென்று திறந்தது.

"சாவித்திரி, நில்லு!"

"அக்கா! யக்கா!"

அவள் திரும்பவில்லை. காலடிச் சத்தம் படிக்கட்டோடு நின்றது.

"எல்லாம் உன்னாலதான்டா மச்சான்!" என்றார் ரத்தினவேல். "அவளுக்குச் சக்கர இருக்குது. காலையில மாத்தரய போட்டுட்டு ஒண்ணுமே திங்காம வந்து நிக்கிறா!"

சாவித்திரிக்குக் காதில் விழுந்தது. மச்சான் என்கிறார்.

"சக்கரயா? அக்காவுக்கா?" ஜெயபிரகாஷின் குரல் உடைந்தது. "எப்பலேருந்து? அதுதான் மறைச்சுது, நீங்களாச்சும் ஏன் மாமா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நீ வூட்டுப் பக்கம் வந்தியா?"

"நீங்க வந்தீங்களா? கூடப் பொறந்தவளுக்கு ஒடம்புக்கு முடியலேன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா? என்னா மனுசன் நீங்க?"

"நான் மனுசன் இல்லடா. எலையிலேருந்து எழுப்பத்தானே லாயக்கு!"

"எழுப்புனேன். தப்புதான்! அன்னிக்கு நானும்தான் சாப்பிடல. உங்க பின்னாடியே பஸ்ஸாண்டு வரைக்கும் ஓடியாந்தேன், பஸ்ஸு எடுத்துட்டான். தெரியுமா உங்களுக்கு?"

சாவித்திரி மரப்பட்டையை நகத்தால் கீறிக்கொண்டு நின்றாள்.

"ஓடியாந்தவன் அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து சொல்லியிருக்கணும்" என்றார் ரத்தினவேல். குரல் கொஞ்சம் இறங்கி, மறுபடியும் ஏறியது. "இப்ப சொல்றேன் கேட்டுக்க. பட்டம் கட்ட நீ வராம இருந்து பாரு, சேத்தியாத்தோப்புக்கே வந்து சட்டையப் புடிச்சு இழுத்தாருவேன்!"

"வாங்க! வந்தீங்கன்னா எலை போட்டு, திங்க வெச்சுத்தான் வெளிய வுடுவேன்! மொதப் பந்தியில!"

"வரேன்டா! பயமா எனக்கு?"

ரோட்டில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. குடிபோன அன்றைக்கு யார் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சாவுக்கு யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஆறு வருஷத்துப் பாக்கியை இருவரும் கடை வாசலில் கொட்டினார்கள். நேருக்கு நேர், நீ நான் என்று.

நந்தகுமார் பக்கவாட்டுச் சந்து வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் ஆரஞ்சு ஜூஸ். "அத்த, இத மொதல்ல குடிங்க. நான் போயி ரெண்டு பேரையும் வெலக்கி வுட்டுட்டு வரேன்."

சாவித்திரி அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் மறுபடியும் அவளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

"சும்மா இருடா" என்றாள். "பேசிட்டு இருக்காங்க."